சோற்று ஊரில் கோதுமை நோய்

நான் இப்போது இருக்கிற ஹாலந்தில் ஸ்ப்ரூ என்று ஒரு சொல் உண்டு. கைக்குழந்தையின் வாயில் வெள்ளையாகப் படர்கிற புண்ணுக்கு இன்றைக்கும் இங்கே அதுதான் பெயர். மிளகும் கிராம்பும் தேடி ஜாவாவுக்குக் கப்பலேறிப் போன இவர்களுடைய பாட்டன்கள், அங்கே நாக்கு வெந்து, மாதக்கணக்கில் வயிற்றால் போய், எலும்பும் தோலுமாகிச் செத்த தங்கள் ஆட்களின் நோய்க்கும் அதே பெயரை வைத்தார்கள். 1880இல் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் சீனத்திலிருந்து எழுதிய குறிப்பு வழியாக அந்தச் சொல் ஆங்கில மருத்துவத்துக்குள் நுழைந்தது. ஆங்கில மருத்துவத்தின் முதுகில் ஏறி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. நம் ஆட்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கிராணி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில் க்ரஹணி. சரகரிலும் சுசுருதரிலும் கிரஹணி இருக்கிறது.

எங்கள் ஊர் என்றால் சித்தூர். இருப்பது ஆந்திராவில், வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு. 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகர் சித்தூர்தான் என்று சொன்னால் இன்றைக்கு வேலூர்க்காரர்களே நம்ப மாட்டார்கள். அந்த வருடம் சித்தூரைத் தனி ஜில்லாவாக்கினார்கள், தலைநகர் வேலூருக்குப் போனது. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. கோட்டை எத்தனை தடவை அழித்து எழுதினாலும், உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் எங்கள் ஜனம் பஸ் ஏறுவது வேலூருக்குத்தான். முப்பத்தைந்து கிலோமீட்டர். இந்தக் கதையில் அந்த முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு வேலை இருக்கிறது.

இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தவள் என் அக்கா மகள். அவளுக்கு இருபத்து மூன்றாவது வயதில் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைப் புரதம் உள்ளே போனால், உடம்பு தன் சிறுகுடலைத் தானே தாக்கிக்கொள்ளும் நோய். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "சோறு தின்ற நமக்கு கோதுமை நோவு எப்படி வரும்?" பெரியப்பா ஒருவர், "அது பஞ்சாப்காரங்களுக்கு வர்றது இல்லியா?" என்றார். சிரிக்க வேண்டாம், நல்ல கேள்விதான். பெரிய பெரிய டாக்டர்களும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அப்படி நினைத்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி நான் இப்போது இருக்கிற ஊரிலும், பாதி வேலூரிலும் கிடக்கிறது.

முதலில் லண்டன். சாமுவேல் கீ என்ற டாக்டர் 1888இல் குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். வயிறு ஊதும், கை கால் சூம்பும், மலம் வெளுத்து நாறும், பிள்ளை வளராது. பெரும்பாலும் செத்துப்போகும். இதற்கு வைத்தியம் என்று ஒன்று இருந்தால் அது சாப்பாட்டில்தான் இருக்கும் என்று கீ சொன்னார். அது மகா சரியான பேச்சு. ஆனால் எந்தச் சாப்பாடு என்று அவர் போட்ட பட்டியல்தான் வேடிக்கை. அரிசி கூடாது, ஜவ்வரிசி கூடாது, ரொட்டியை மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம்! நம் பாட்டி கையில் அந்தக் குழந்தை கிடைத்திருந்தால் கஞ்சி கொடுத்தே பிழைக்க வைத்திருப்பாள் :-) கீ பார்த்த ஒரு குழந்தை, டச்சுக் கடற்சிப்பிகளைத் தினமும் சாப்பிட்டுத் தேறியதாம். சிப்பியின் மகிமை என்று நினைத்தார்கள். சிப்பி தின்று வயிறு நிறைந்த பிள்ளை ரொட்டியைக் குறைத்திருக்கும் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் கொண்டுவந்தார். அதிலும் ரொட்டி கிடையாது, அதிலும் பிள்ளைகள் தேறினார்கள். பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று.

கோதுமையைக் கையும் களவுமாகப் பிடித்தவர் டென் ஹாக் நகரத்தில் இருந்த வில்லெம் கரெல் டிக்கே. 1936இல், முப்பது வயதைச் சற்றே தாண்டியவர், யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை டாக்டர் ஆனார். அவரைப் பற்றி எல்லா இடத்திலும் ஓடுகிற கதை ஒன்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவை மறித்ததால் மேற்கு ஹாலந்து பட்டினி கிடந்தது. ஜனங்கள் டியூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். (என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சின்னப் பையனாக அதைத் தின்றவர். "வெங்காயத்துக்கும் மரத்தூளுக்கும் நடுவில் ஒரு ருசி" என்பார்.) ரொட்டியே இல்லாத அந்த மாதங்களில் சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம், 1945 வசந்தத்தில் ஸ்வீடன் மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி வந்து இறங்கியதும் மறுபடி படுத்தார்களாம், டிக்கேவுக்கு அப்போதுதான் பொறி தட்டியதாம்.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் டிக்கே 1930களின் நடுவிலேயே கோதுமையை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரொட்டியை நிறுத்தியதும் பிள்ளைக்குத் தேவலை என்று ஒரு தாய் வந்து சொன்னதுதான் தொடக்கம் என்று டச்சு மருத்துவர்கள் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. 1941இலேயே இந்தச் சாப்பாட்டு முறை பற்றி டச்சு மருத்துவ இதழில் கட்டுரை எழுதிவிட்டார். பஞ்சம் வந்து அவர் முன்பே நினைத்ததை ஊரளவில் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். எனக்கு அந்த வெள்ளை ரொட்டியைவிட அந்தப் பெயர் தெரியாத தாய்தான் பெரிதாகத் தெரிகிறாள். டாக்டர் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதும்தான்.

பிறகு உட்ரெக்ட்டில் வெய்யர்ஸ், வான் டி காமர் என்ற இருவருடன் சேர்ந்து கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். ஒரு தானியத்தைக் கொடுப்பது, மலத்தில் எவ்வளவு கொழுப்பு சீரணமாகாமல் வெளியே போகிறது என்று அளப்பது, இன்னொன்றைக் கொடுப்பது, மறுபடி அளப்பது. கோதுமையும் ரை தானியமும் கெடுத்தன. அரிசியும் சோளமும் கெடுக்கவில்லை. 1950இல் டிக்கே இதை ஆய்வேடாகக் கொடுத்தார். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஷார்லட் ஆண்டர்சன் உள்ளிட்ட குழு, மாவில் குற்றவாளி மாப்பொருள் இல்லை, குளூட்டன்தான் என்று காட்டியது. சப்பாத்தி மாவைத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து கழுவினால் கடைசியில் கையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ரப்பர் மாதிரிப் பொருள், அதுதான் குளூட்டன்.

இனி பெயர் விஷயம். பெரியவர்களுக்கும் இந்த நோய் வருவது ஐரோப்பாவில் தெரிந்திருந்தது. பார்க்க ஜாவா ஸ்ப்ரூ மாதிரியே இருக்கும். ஆனால் நோயாளி வெப்ப நாட்டுப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார். டென்மார்க்கின் ஹெஸ் தைசன் 1932இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், தலைப்பு 'வெப்பமண்டலம் அல்லாத ஸ்ப்ரூ'. இது கோதுமையால் வருவது, டிக்கே பார்த்த குழந்தை நோயும் இதுவும் ஒன்றே என்று பின்னால் புரிந்தது. ஆக, உலகத்தில் இரண்டு ஸ்ப்ரூ: வெள்ளைக்காரன் ஊரில் வருவது ஒன்று, நம் ஊரில் வருவது ஒன்று. நோயின் பெயருக்குள்ளேயே உலக வரைபடத்தை மடித்து வைத்துவிட்டார்கள். சித்தூரில் ஒருத்தி இளைத்துச் சோகை பிடித்து வந்தால், டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன்பே அவள் எந்த ஸ்ப்ரூ என்று தீர்மானமாகிவிடும்.

தீர்மானம் தப்பும் இல்லை. நம் ஊர் ஸ்ப்ரூ நிஜமானது, கொடூரமானது. அதில் பிழைத்த ஒரு ஆந்திராக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ். அவர் சகோதரர்களில் இருவர் ஸ்ப்ரூவில் அடுத்தடுத்து இறந்ததாக அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அவருக்கும் வந்தது. ஆச்சண்ட லக்ஷ்மிபதி என்ற ஆயுர்வேத மருத்துவர் கையில் பிழைத்தார். மதராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, முழு டிகிரி கிடைக்காமல், 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். பின்னாளில் லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழுதான் ஃபோலிக் ஆசிட்டைத் தயாரித்துக் காட்டியது (1945). ஸ்ப்ரூ சோகைக்கு நல்ல மருந்து அது. 1948இல் நியூயார்க்கில் காலமானார், ஊருக்குத் திரும்பவேயில்லை. வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலரும் ஏதோ கம்பெனிக்கு ஏதோ கோடு எழுதிக்கொண்டிருக்கையில், இந்த மனுஷன் தன் வீட்டு நோய்க்கு மருந்து செய்திருக்கிறார்.

இனி வேலூர். 1960 முதல் 62 வரை வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் சுற்றுப்புறத்திலும் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. முதலில் தண்ணீராகப் பேதி, பிறகு அது நிற்கவே நிற்காது. நாக்கு வெந்து சோறு இறங்காது, கால் வீங்கும், ரத்தம் சுண்டும். குழந்தைகளைவிடப் பெரியவர்களைத்தான் அதிகம் பிடித்தது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும், ஒரு ஊரில் வந்தால் அடுத்த ஊருக்கும். ஒரு லட்சம் பேர் அளவில் பாதிக்கப்பட்டு, அதில் பல்லாயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சாவு நம் பாடப் புத்தகம் எதிலும் ஒரு வரி இல்லை. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மெடிக்கல் காலேஜ் ஆரம்பித்ததே 1960இல்தான். அன்றைக்கு இந்த வட்டாரத்துக்கு எல்லாமே வேலூர் சி.எம்.சி.தான்.

அங்கே செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஊர் ஊராகப் போய் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் கட்டுரைகள் 1970 வாக்கில் வந்தன. பரவிய விதத்தைப் பார்த்தால் ஏதோ கிருமி என்றுதான் தோன்றியது. ஆனால் இதுதான் என்று ஒரு கிருமியைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. டெட்ராசைக்ளின், ஃபோலிக் ஆசிட், பி12 கொடுத்தால் பலர் தேறினார்கள். காலப்போக்கில் குடிநீரும் சுகாதாரமும் மேம்பட்டு, ஆன்ட்டிபயாடிக்கும் தாராளமாகி, நோய் தானாக ஒதுங்கிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கமான சிக்கல் இருந்தது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் உண்டு. சத்தை ரத்தத்துக்குள் இழுப்பது அவைதான். சீலியாக் வந்தால் அந்த விரல்கள் தேய்ந்து தரைமட்டமாகும். 1950களின் பிற்பாதியில் வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தச் சுவரில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் கருவிகள் வந்தன. ஐரோப்பாவில் அதுவே சீலியாக்குக்கு முத்திரைச் சாட்சி. வேலூரில் அதே சோதனையைச் செய்தபோது, நோயே இல்லாத, நன்றாக நடமாடுகிற ஆட்களுக்கும் விரல்கள் குட்டையாக, இலை மாதிரி, வரப்பு மாதிரி இருந்தன. அசுத்தத் தண்ணீரும் ஓயாத குடல் தொற்றும் செய்த வேலை. ஆக எங்கள் பக்கம் தேய்ந்த குடல் என்பது ஒரு அடையாளமே இல்லை. அங்கே சாட்சி, இங்கே சாதாரணம். சோறு தின்கிற ஜனம், கண் முன்னால் கொள்ளைநோயாக ஸ்ப்ரூ, முத்திரைச் சாட்சியும் செல்லாது. இந்த நிலைமையில் கோதுமையைச் சந்தேகிக்க எந்த டாக்டருக்குத் தோன்றும்?

வடக்கே அப்படி இல்லை. 1966இல் வட இந்தியக் குழந்தைகளில் சீலியாக் இருப்பதாக பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 1973இல் பர்மிங்ஹாமிலிருந்து, அங்கே குடியேறிய ஆசியர்களின் குழந்தைகளுக்கும் சீலியாக் இருப்பதாக லான்செட்டில் எழுதினார்கள். அதே ஷார்லட் ஆண்டர்சன் அதிலும் இருக்கிறார். இப்படித்தான் 'வெள்ளைக்காரன் நோய்' என்பது 'வெள்ளைக்காரனுக்கும் பஞ்சாப்காரனுக்கும் வரும் நோய்' ஆயிற்று. வரைபடத்தை ஒரு மடிப்பு பிரித்தார்கள். விந்தியத்துக்குத் தெற்கே உள்ள மடிப்பு பிரியவில்லை.

அதைப் பிரிக்க ரத்தப் பரிசோதனை வர வேண்டியிருந்தது. 1997இல் ஜெர்மனியில் டெட்லெஃப் ஷுப்பானின் குழு, சீலியாக்கில் உடம்பு எதைத் தாக்குகிறது என்று கண்டுபிடித்தது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த நொதி. குளூட்டன் முழுசாகச் சீரணமாகாது, துண்டு துண்டாக நிற்கும். இந்த நொதி அந்தத் துண்டுகளைச் சற்றே மாற்றுகிறது. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் காவல் செல்கள் மாறிய துண்டை எதிரி என்று பிடித்துக்கொள்கின்றன. சண்டையில் நொதிக்கும் அடி, குடலுக்கும் அடி. இந்தச் சண்டையின் தடயத்தை ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். குடலைக் கிள்ளுவதற்கு முன்னால் ஒரு சல்லடை கிடைத்தது. ஊர் ஊராகச் சலிக்கலாம்.

சலித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேர். வடக்கே நூற்றுக்கு 1.04 பேருக்கு சீலியாக். வடகிழக்கே 0.85. தெற்கே 0.10, அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். பெரியப்பா ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த மரபணு வகை வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். கிட்டத்தட்ட சமம்! விதை எங்கள் ஊரிலும் அதே அளவு கிடக்கிறது. தினசரி கோதுமைதான் வேறு: வடக்கே ஆளுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இங்கே ஒன்று இடிக்கிறது. வடகிழக்கிலும் கோதுமை 37 கிராம்தான், ஆனால் நோய் வடக்கை ஒட்டி நிற்கிறது. ஆகவே கோதுமையின் அளவு மட்டும் கதை இல்லை, வேறு ஏதோ மரபணுவோ தொற்றோ நடுவில் இருக்கிறது. கோதுமை கூடினால் நோய் கூடும் என்று ஒரே கோடு போட்டுக் காட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதோடு, ஆயிரத்துக்கு ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கையும் இல்லை. பழைய சித்தூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் 41 லட்சத்துக்கு மேல் ஜனம். வளர்ந்தவர்களை மட்டும் எடுத்தாலும் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் தேறுவார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் எத்தனை குடும்பம் இந்தப் பெயரையே கேட்டிருக்கும்?

கோதுமை எங்கள் தட்டுக்கு வந்த கதையும் அப்படி ஒன்றும் பழசில்லை. சித்தூர்ப் பக்கத்துச் சாப்பாடு ராகி சங்கட்டி, தமிழில் களி. நெல் விளைந்த வீட்டில் சோறு. கோதுமை என்றால் ரவை, அதுவும் விருந்தாளி வந்தால் கேசரி. உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி செய்து பார்த்தோம் என்று பெங்களூர் எம்.டி.ஆர்.காரர்கள் சொல்கிறார்கள். 1956இல் பி.எல்.480 ஒப்பந்தம் போட்டு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஊறவைத்து அரைத்து தோசை சுட்டதாகப் பாட்டி சொல்வாள். பிறகு ரேஷன் கடை, பேக்கரி, பரோட்டா. காய்ச்சல்காரனுக்குச் சோறு கூடாது, பன்னும் ரொட்டியும் ஹார்லிக்ஸும்தான் (அதிலும் கோதுமை, பார்லி மால்ட்) என்று ஒரு சட்டம் எப்படியோ வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே சர்க்கரை வியாதி. "ராத்திரி சோறு வேண்டாம், ரெண்டு சப்பாத்தி" என்பதைக் கேட்காத வீடு இன்று உண்டா? வீட்டில் ஒருவருக்குச் சப்பாத்தி என்றால் எல்லாருக்கும் சப்பாத்தி. கோதுமை எங்கள் ஊரில் மருந்தாகவே நுழைந்திருக்கிறது.

என் அக்கா மகளுக்கும் அப்படித்தான். பதினாறு வயதில் ஹீமோகுளோபின் ஏழரை. இரும்பு மாத்திரை, இரும்பு ஊசி, பூச்சி மருந்து. கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். வாயில் புண், தலைமுடி உதிர்தல், எப்போதும் அசதி. பேதி பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் குடலை யாரும் நினைக்கவில்லை. "வயசுப் பொண்ணு, சரியா சாப்பிடறதில்ல" என்று ஒருவர். சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி கொடுங்கள், தெம்பு வரும் என்று இன்னொருவர். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தினம் ராத்திரி சுட்டுப் போட்டாள். வேலைக்காகப் பெண் பெங்களூர் போன பிறகு, ஒரு இளம் டாக்டர் ரிப்போர்ட்டுகளையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, இரும்பு கொடுக்கிறார்கள், ஆனால் உள்ளே ஏறவில்லையே, ஏன் ஏறவில்லை என்று ஒரு கேள்வி கேட்டார். ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோபி. கோதுமையை நிறுத்தி பத்து மாதத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டது. போனில் அக்கா, "ஏழு வருஷம் நானே என் கையால மாவு பிசைஞ்சு குடுத்திருக்கேன்டா" என்று சொன்னதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து அவள் மகள், "மாமா, இவங்கள அழுவாம இருக்கச் சொல்லுங்க, எனக்கு வடை வேணும்" என்றாள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோதுமை டப்பாவைத் தூக்கி வெளியே வைத்துவிடாதீர்கள். இங்கே கடைக்குப் போனால் குளூட்டன் இல்லாத ஷாம்பூவரைக்கும் வந்துவிட்டது. யூட்யூப் வைத்தியர்கள் தைராய்டு, மூட்டுவாதம், சோரியாசிஸ் எல்லாவற்றுக்கும் கோதுமையே காரணம் என்கிறார்கள். இதில் நிஜம் எவ்வளவு? உடம்பு தன்னையே தாக்கும் நோய்களில், தூண்டும் பொருள் இன்னது, தாக்கப்படுவது இன்னது, தூண்டுவதை எடுத்தால் ஆறும் என்று மூன்றும் தெளிவாகத் தெரிந்தது சீலியாக் ஒன்றில்தான். டிகிரி வாங்கிய டாக்டர்களே இதை ஒரு மாதிரிப் பாடமாகப் படிப்பது அதனால்தான். தோலில் கொப்புளமாக வருகிற டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் அதன் தங்கச்சி. 1966இல் அந்த நோயாளிகளின் குடலும் பழுதாகி இருப்பதைக் கண்டார்கள். சிறு வயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவும், தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோவும் சீலியாக்கோடு சேர்ந்து வருவதுண்டு. அதனால் முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளுக்கு சீலியாக் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சேர்ந்து வருவது வேறு, அதனால் வருவது வேறு. சீலியாக் இல்லாத மூட்டுவாதக்காரர் சப்பாத்தியை விட்டால் மூட்டு சரியாகும் என்பதற்கு உருப்படியான சான்று எதுவும் இல்லை.

தானாகக் கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் டெஸ்டுக்குப் போவது இன்னும் மோசம். கோதுமை உள்ளே போனால்தான் சண்டை, சண்டை இருந்தால்தான் ரத்தத்தில் தடயம். நிறுத்திவிட்டுப் போனால் ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை' என்று வரும், நோய் உள்ளேயே இருக்கும். இரும்பு மாத்திரை எத்தனை போட்டும் ரத்தம் ஏறாதவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், சப்பாத்தியைச் சாப்பிட்டுக்கொண்டே டாக்டரிடம் இந்த டெஸ்டைக் கேளுங்கள்.

அக்கா வீட்டில் இப்போது பழைய சமையல் திரும்பி வந்திருக்கிறது. சங்கட்டி, கீரைப் புளுசு, கம்பங்கூழ், அரிசி ரொட்டி. இட்லி, தோசை, பொங்கல், வடை எதற்கும் தடையில்லை. பஞ்சாப்பில் இந்த நோய் வந்த வீட்டை நினைத்தால் நாங்கள் ராஜாக்கள். ஒளிந்திருக்கிற கோதுமைதான் தொல்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருப்பான். சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, அது போதும் குடலைக் கிளற. சில ஹோட்டலில் தோசை மொறுமொறுக்க ரவையோ மைதாவோ சேர்ப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துவிட்டு எதில் என்ன பெருங்காயம் என்று கேட்டால் சமையல்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

போன வருடம் எல்லாருமாகத் திருமலை போனார்கள். காலையில் ரவை உப்புமா வந்தால் அவளுக்கு ஆகாது, அன்னதானச் சாப்பாட்டில் சோறு தாராளமாக உண்டு. லட்டு விஷயத்தில்தான் அக்காவுக்குப் பயம். கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், கற்கண்டு. (2024இல் நெய்யை வைத்து எழுந்த சர்ச்சை வேறு கதை, அது இங்கே வேண்டாம்.) செய்முறையில் கோதுமை கிடையாது. மாவு அரைக்கிற மில்லில் ஏதும் கலந்திருந்தால் உண்டு. அவளைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டார்கள். சாப்பிடட்டும், அடுத்த ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். சாப்பிட்டாள். மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டை அக்கா எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள், அளவு நார்மல்.